கொடை மேடையும் கோர்ஸ் சான்றிதழும்

செங்கோட்டையிலிருந்து மேற்கே ஆரியங்காவு கணவாயைத் தாண்டி இறங்கினால் புனலூர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அஞ்சல். அதற்கு அருகே விளக்குப்பாறை என்றொரு சிற்றூர். ரசூல் பூக்குட்டி பிறந்த ஊர் அது. இயற்பியல் பட்டம் பெற்று, புனே திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்து 1995-ல் வெளியே வந்தவர். 2009-ல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் ஒலிக்கலவைக்காக இயான் டாப், ரிச்சர்ட் பிரைக் என்ற இரு பிரிட்டன்காரர்களுடன் சேர்ந்து ஆஸ்கர் வாங்கினார். தென்காசிக்காரர்களுக்கு அந்த ஊர் மலைக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான்.

மலைக்கு இந்தப் பக்கத்தில் ஒலித் தொழிலுக்கு வருகிறவர்களின் பாதை வேறு. பள்ளி விடுமுறையில் மைக் செட்டுக்காரரின் டெம்போவில் தொற்றிக்கொள்கிற பையன், முதல் வருஷம் வயர் சுற்றுவான். அடுத்த வருஷம் கம்பத்தில் ஏறி ஸ்பீக்கர் கட்டுவான். ஒரு கோயில் கொடையில் முதலாளி சாப்பிடப் போன நேரம் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார இடம் கிடைக்கும். மிக்சரில் கை வைக்க இன்னும் இரண்டு, மூன்று பங்குனிகள் போக வேண்டும். சுடலைமாடன் கோயிலில் வில்லுப்பாட்டு, முப்பிடாதி அம்மன் கோயிலில் கரகாட்டமும் நையாண்டி மேளமும், கல்யாண மண்டபத்தில் மெல்லிசைக் கச்சேரி, தேர்தல் வந்தால் பிரசார ஜீப். தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம், சங்கரன்கோவில் என்று எங்கே போனாலும் தொழில் இப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது.

இப்போது அந்தப் பையன்கள் கையில் செல்போன் இருக்கிறது. திரையில் விளம்பரம் வந்து விழுகிறது: ஒரே வருஷத்தில் சவுண்ட் இன்ஜினீயர் ஆகலாம், சென்னையில் வகுப்பு, கட்டணம் சில லட்சம். வீட்டில் பேச்சு தொடங்குகிறது. நகையை வைத்தாவது அனுப்பலாமா? அந்தப் பணத்துக்கு ஒரு டிஜிட்டல் மிக்சர் வாங்கிப் போட்டால் இங்கேயே பிழைத்துக்கொள்ள மாட்டானா? இந்தக் கேள்விக்கு நேரான பதில் ஒன்று சொல்லியாக வேண்டும். பல குடும்பங்களின் சேமிப்பு அதில் இருக்கிறது.

முதலில் கூடமாட இருந்து கற்பதன் பெருமையைச் சொல்லிவிடலாம். உலகத்தின் பெயர்பெற்ற ஸ்டுடியோக்களும் அப்படித்தான் ஆட்களை உருவாக்கின. லண்டனின் அபே ரோடு ஸ்டுடியோவுக்குப் பதின்ம வயதில் உதவியாளாகப் போன ஜெஃப் எமெரிக், டேப் இயந்திரத்தை ஓட்டவும் நிறுத்தவும் செய்துகொண்டே பெரியவர்களின் கையைப் பார்த்துக் கற்றார். 1966-ல் பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ ஆல்பத்துக்கு ஒலிப்பதிவுப் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது 20. அவரிடம் கல்லூரிச் சான்றிதழ் எதுவும் இல்லை. ஆனால், அபே ரோட்டில் மைக்கை எங்கே வைப்பது என்பதிலிருந்து டேப்பை எப்படிப் பராமரிப்பது என்பதுவரை ஒழுங்கு இருந்தது. தவறு செய்தால் ஏன் தவறு என்று சொல்ல, பக்கத்து அறையில் படித்த பொறியாளர்கள் இருந்தார்கள். எந்தத் தொழிற்கூடத்தில் ‘எப்படி’யோடு ‘ஏன்’ என்பதும் கிடைக்கிறதோ அங்கே கற்பவன் தனியாகக் கோர்ஸ் தேடிப் போக வேண்டியதில்லை.

நம் ஊர் செட்டுகளில் விட்டுப்போவது அந்த ‘ஏன்’தான். வில்லுப்பாட்டு மேடையையே எடுத்துக்கொள்ளலாம். வில்லின் மணிகள், குடம், உடுக்கை, தாளம், கட்டை எல்லாம் நெருக்கி உட்கார்ந்த ஒரு சின்ன வட்டத்துக்குள் ஒலிக்கின்றன. நடுவில் புலவரின் குரல். குடத்தின் கீழ்ச்சுருதி அதிர்வு புலவரின் மைக்குக்குள்ளும் புகுந்து அவர் சொல்லையே அமுக்கிவிடும். அனுபவசாலியான செட்டுக்காரர் இதைச் செவியால் அறிந்து பேஸைக் குறைப்பார். குறைத்தால் குடம் செத்துப்போகும். கூட்டினால் கதை புரியாது. குரல் மைக்கில் மட்டும் நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, குடத்துக்குத் தனி மைக் கொடுத்து, இரண்டும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டும்படி வைக்கலாம் என்று யாராவது ஒரு முறை காட்டினால் போதும். வாயோடு ஒட்டிப் பிடித்தால் ஒரு திசையை நோக்கியே கேட்கிற மேடை மைக்குகளில் கீழ்ச்சுருதி தானாகவே பெருகும் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லலாம். அரைமணி நேரப் பாடம் இது. அது கிடைக்காததால் ஒரு தலைமுறை முழுக்க மங்கலாகக் கேட்ட கதைகள் எத்தனையோ.

அடுத்தது ஓம் கணக்கு. எட்டு ஓம் பாக்ஸ் இரண்டை இணையாகக் கொடுத்தால் ஆம்ப்ளிபயருக்குத் தெரிவது நான்கு ஓம். நான்கு பாக்ஸைக் கொடுத்தால் இரண்டு ஓம். பல ஆம்ப்ளிபயர்கள் அதைத் தாங்காது. முந்தைய தலைமுறைக்கு இந்தச் சிக்கல் அதிகம் வந்ததில்லை. அவர்கள் குழாய்களை நூறு வோல்ட் லைனில் ஓட்டினார்கள். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சிறிய டிரான்ஸ்பார்மர் இருக்கும். தெருக்கோடிவரை மெல்லிய வயர் போனாலும் சத்தம் குறையாது. கூம்புக் குழாய்களுக்குத் தடை வந்து பெட்டி ஸ்பீக்கர் காலம் வந்ததும் அந்த அறிவு பழையவர்களோடு நின்றுவிட்டது. புதியவர்கள் ஆம்ப்ளிபயரை எரித்துத்தான் ஓம் கணக்கைக் கற்றார்கள். எரிந்தது பொருள் மட்டும் என்றால் பரவாயில்லை என்று விடலாம்.

எரிவது உயிராகவும் இருக்கக்கூடும். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் தொழிலில் இருக்கிறவர்கள் இந்தப் பத்தியை மறக்கக் கூடாது. ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஐம்பது ஹெர்ட்ஸ் இரைச்சல் வருகிறது. பெரும்பாலும் காரணம், இரண்டு கருவிகள் வெவ்வேறு இடங்களில் எர்த் ஆகியிருப்பது. சரியான வழி, பேலன்ஸ்டு கேபிளும், கருவிக்கும் மிக்சருக்கும் நடுவே வைக்கிற டி.ஐ. பெட்டியும். பலர் செய்வது, பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுவது அல்லது எர்த் வயரைக் கழற்றிவிடுவது. இரைச்சல் நின்றுபோகும். பிறகு அந்தக் கருவிக்குள் எங்காவது ஒரு ஃபேஸ் வயர் உரசினால், மின்சாரம் இறங்கப் பாடகரின் உடம்புதான் வழி. 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்ஸி நகரில், ‘ஸ்டோன் த குரோஸ்’ குழுவின் கிடார் கலைஞர் லெஸ்லி ஹார்வி சரியாக எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். அவருக்கு வயது 27. சாரல் நனைத்த பலகை மேடை, வெறுங்காலோடு சாமியாடி, பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் என்பது தென்காசி மாவட்டத்தின் நிலவரம். த்ரீ ஃபேஸ் லைனில் நியூட்ரல் கழன்றால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கி ஏறும் என்பது, மேடைக்கு மின்சாரம் எடுக்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. முப்பது மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்றை விநியோகப் பெட்டியில் மாட்டுவதற்கு ஆகும் செலவு, ஒரு நாள் செட் வாடகையைவிடப் பெரிதல்ல.

கோர்ஸ் விளம்பரங்களில் இந்த மின்பாதுகாப்பு வருவதே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் பெரிய மிக்சர், ஹெட்போன் மாட்டிய இளைஞர், பின்னணியில் நீல விளக்கு, அதுதான் படம். எர்த் பற்றியும் ஓம் பற்றியும் விளம்பரம் செய்தால் யார் சேர்வார்கள் என்று கோர்ஸ் நடத்துகிறவர்கள் நினைக்கலாம். ஆனால், ஒரு பயிற்சி காசுக்குத் தகுமா என்று தீர்மானிக்க, அதன் முதல் மாதப் பாடத்தில் மின்பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்ப்பதைவிட நல்ல சோதனை கிடையாது.

இனி குற்றாலம். ஒலியியல் கற்பிக்க நினைக்கிற எவருக்கும் இதைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் கிடைப்பது கடினம்.

பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து எழுந்து பேரருவியாக இறங்கும் நீரின் ஓசையில் கீழ்ச்சுருதி முதல் மேல்சுருதிவரை எல்லா அதிர்வெண்ணும் கலந்திருக்கிறது. சோதனைக்கூடங்களில் கருவி வைத்து உருவாக்குகிற பிங்க் நாய்ஸுக்கு நெருங்கிய உறவு. சீசனில் சாரல் திருவிழா நடக்கும் கலைவாணர் அரங்கமும் இந்தச் சூழலில்தான் இருக்கிறது. அருவிக்கரையில் ஒருவர் பேசும்போது உயிரெழுத்துகள் ஓரளவு காதில் விழும். க, ச, ட, த, ப ஆகிய வல்லின ஓசைகள் தொலைந்துபோகும். பேச்சின் வலிமை தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. அர்த்தமோ இரண்டாயிரத்திலிருந்து நான்காயிரம் ஹெர்ட்ஸ்வரை உள்ள மெல்லிய பகுதியில் பெரிதும் தங்கியிருக்கிறது. அருவிக்கரையில் ஒலிப்பெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலோடு இரைச்சல் சேரும். பேஸை வெட்டி, மேல் நடுப்பகுதியைத் தூக்கி, பெரிய பெட்டி ஒன்றுக்குப் பதிலாகச் சிறியவை பலவற்றை மக்களுக்கு அருகில் வைத்தால் சொல் புரியும். பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதை அளக்க, 1970-களில் நெதர்லாந்தின் ஹௌட்காஸ்ட், ஸ்டீனெகன் இருவரும் வகுத்த எஸ்.டி.ஐ. என்ற அளவீடு இன்று சர்வதேசத் தரமாக இருக்கிறது.

இது ஏட்டுப் பேச்சல்ல. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவர் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார். மலைக்கு மேலே பெய்கிற மழை கீழே குளிப்பவர்களுக்குத் தெரியாது. எச்சரிக்கை என்ற ஒன்று அருவியின் ஓசையைத் தாண்டி, சொல்லாகப் புரிந்து, உடனே கால்களை நகர்த்த வேண்டும். அப்படி ஓர் அமைப்பைத் திட்டமிட்டு, அளந்து, சரிபார்க்கத் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்திலேயே இருப்பது ஆடம்பரமல்ல.

காற்றும் பாடம் நடத்துகிறது. ஆனி, ஆடியில் கணவாய் வழியே மேற்கிலிருந்து வீசும் காற்று ஒலியை வளைக்கிறது. காற்றோடு போகும் ஒலி தரையை நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். எதிர்த்துப் போகும் ஒலி மேலே எழும்பி, தூரத்தில் இருப்பவர் தலைக்கு மேலே கடந்துவிடும். இடமிருந்தால் மேடையை மேற்கிலும் ஜனத்தைக் கிழக்கிலும் உட்கார வைப்பது நல்லது. கோயில் வாசல் வேறு திசையில் இருந்தால், நடுவில் இன்னொரு ஜோடி பாக்ஸ் நிறுத்த வேண்டும். அப்போது இன்னொரு கணக்கு வரும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி நிறுத்திய பாக்ஸுக்கு நூறு மில்லிசெகண்ட் தாமதம் கொடுக்காவிட்டால், பின்வரிசைக்காரருக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ‘குழந்தையைக் காணவில்லை’ என்ற அறிவிப்பு தெருமுனையில் குழம்பிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஈரக்காற்று மேல்சுருதிகளை வறண்ட காற்றைவிடக் குறைவாகவே விழுங்கும். பங்குனியில் ஆலங்குளத்தில் வைத்த ஈக்வலைசர் அமைப்பு ஆடிச் சாரலில் ஐந்தருவிப் பக்கம் காதைக் குத்தக்கூடும். வெயில் தாழ்ந்த இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து மேலே வெப்பம் தங்கும்போது ஒலி கீழ்நோக்கி வளைகிறது. நள்ளிரவுச் சாமக்கொடையின் மேளம் பக்கத்து ஊர்வரை கேட்பது அதனால்தான்.

அந்தச் சாமக்கொடைதான் சட்டத்தோடு உரசுகிறது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிப்பெருக்கி கூடாது. ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாட்கள் மட்டும் நள்ளிரவுவரை மாநில அரசு விலக்கு தரலாம். குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஒலிப்பெருக்கி இயங்கும் பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதியின் வரம்பைவிடப் பத்து டெசிபல் அல்லது 75 டெசிபல், எது குறைவோ அதற்கு மேல் போகக் கூடாது. போலீஸ் வந்தால் ஆம்ப்ளிபயரைத் தூக்கிப் போவது செட்டுக்காரரிடமிருந்துதான், விழாக் கமிட்டியிடமிருந்து அல்ல. பந்தலுக்குள் சத்தத்தை வைத்துக்கொண்டு எல்லையில் குறைக்கத் தெரிந்தவருக்கு நாளைக்கும் தொழில் இருக்கும். காதும் அவருக்கு மிஞ்சும்: அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் கணக்குப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், நூறு டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். டிஜே பாக்ஸ் பக்கத்திலேயே இரவு முழுக்க நிற்கிற பையன்களுக்கு இதை யார் சொன்னார்கள்?

ஆகவே படிப்பு தேவை. எந்தப் படிப்பு என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

சினிமாவும் ஒலிப்பதிவும்தான் கனவு என்றால் அரசு நிறுவனங்களை முதலில் பார்க்க வேண்டும். சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இயங்கும் அரசுத் திரைப்படக் கல்லூரியின் வேர் 1945-ல் மத்திய பாலிடெக்னிக்கில் தொடங்கிய பிரிவு. அங்கே ஒலிப்பதிவுக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர் விண்ணப்பிக்கலாம், கட்டணம் தனியாரோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. பட்டம் முடித்தவர்களுக்குப் புனே இருக்கிறது, கொல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரிலான நிறுவனம் இருக்கிறது. போட்டி கடுமை, இடங்கள் கொஞ்சம். ஆனால், உள்ளே போனால் சொந்தமாகப் படம் எடுத்து, சொந்தமாக ஒலி சேர்த்து, கூடப் படித்தவர்கள் இயக்குநர்களாகும்போது அவர்களோடு வேலைக்கும் போகலாம். ரசூல் பூக்குட்டி போன பாதை இதுதான். ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியிலும் இசைத் தொழில்நுட்பம் கற்றுத்தருகிறார்கள்; இசை அறிவோடு வருகிறவருக்கு அது பொருந்தும்.

ஓராண்டுத் தனியார் கோர்ஸ்களைப் பற்றிச் சற்றுக் கறாராகவே பேச வேண்டும். பெரும்பாலும் அவை கற்றுத்தருவது கணினியில் இசை சேர்ப்பதும் ஸ்டுடியோ மிக்ஸிங்கும். மேடை ஒலி சில வாரங்களில் முடிந்துவிடும். அதை முடித்துவிட்டு ஊர் திரும்புகிறவருக்குக் கொடை மேடையில் பயன்படுவது பாதிகூட இருக்காது. சென்னையில் தங்கினால், சம்பளம் வருவதற்கு முன் பல மாதம் உதவியாளராக நிற்க வேண்டியிருக்கும். வாடகையும் சாப்பாடும் தனி. கட்டணம் கட்டுவதற்கு முன் நேரில் போய்க் கேட்க வேண்டியவை இருக்கின்றன. ஒரு மிக்சருக்கு எத்தனை மாணவர்? ஆசிரியர் போன மாதம் வெளியே எந்த வேலை செய்தார்? கடந்த ஆண்டு முடித்தவர்கள் இருவரிடம் போனில் பேச முடியுமா? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடலாம். ‘நூறு சதவீத வேலை உறுதி’ என்று எழுதியிருந்தால் உள்ளே போகவே வேண்டாம்.

வகுப்பா, வேலையா என்ற இந்தச் சிக்கலை வேறிடத்தில் எப்படித் தீர்த்தார்கள் என்பதற்கு இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் ஓர் எடுத்துக்காட்டு. 1970-ல் தொடங்கிய அங்குள்ள டோன்மைஸ்டர் பட்டப்படிப்பில் இயற்பியல், இசை, மின்னணுவியல் மூன்றும் சேர்ந்தே நடக்கின்றன. இறுதியாண்டுக்கு முன் ஒரு முழு ஆண்டு மாணவர் தொழிலிடத்தில் வேலை செய்ய வேண்டும். வகுப்பும் வயர் சுற்றுவதும் ஒன்றையொன்று விலக்குவதில்லை என்பது அங்கே அரை நூற்றாண்டாக நடைமுறை.

ஏற்கெனவே தொழிலில் இருக்கிற நம் பையனுக்கு லட்சங்கள் தேவையில்லை. நெட்வொர்க் வழியாக ஒலி அனுப்பும் டான்டே முறைக்கு, அதை உருவாக்கிய ஆடினேட் நிறுவனமே இணையத்தில் இலவசமாகப் பயிற்சியும் சான்றும் தருகிறது. அரங்கின் ஒலியை அளக்க ‘ரூம் ஈகியூ விசார்ட்’ என்ற மென்பொருள் இலவசம்; ஓர் அளவீட்டு மைக் மட்டும் வாங்கினால் போதும். மிக்சர், ஸ்பீக்கர் நிறுவனங்கள் நடத்தும் ஒன்றிரண்டு நாள் பட்டறைகள் உண்டு. தங்கள் சரக்கையும் சேர்த்து விற்பார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு போனால் லாபம்தான். மின்சாரம் கற்க ஐ.டி.ஐ.யின் இரண்டாண்டு எலெக்ட்ரீஷியன் பிரிவு இருக்கிறது. மைக் செட் தொழிலுக்கு வருகிற பத்தாம் வகுப்புப் பையனுக்கு, சென்னைக் கோர்ஸைவிட இதையே முதலில் சொல்ல வேண்டும். வயர்மேன் லைசென்ஸ் பக்கம் போக வழி இருக்கிறது, மேடையில் உயிரைக் காக்கிற அறிவு கிடைக்கிறது, ஒலி ஓடாத நாளிலும் சோறு போடும்.

இதில் இடிக்கிற ஒரே இடம் மொழி. நல்ல பாடங்கள் ஏறக்குறைய எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஹவுலிங் என்கிற மைக் ஊளையின் அதிர்வெண்ணைக் காதாலேயே சரியாகச் சொல்லிவிடுகிற செட்டுக்காரர், ஆங்கிலப் பக்கத்தில் அதைப் படிக்க முடியாமல் விட்டுவிடுகிறார். தமிழில் மேடை ஒலிக்கென்று ஒழுங்கான பாடப்புத்தகம் வேண்டும். குடத்துக்கும் உடுக்கைக்கும் தவிலுக்கும் மைக் வைப்பதை எந்த வெளிநாட்டுக் கையேடும் எழுதித்தரப் போவதில்லை. கணியான் கூத்தின் மகுடம் என்ற தோல்கருவியை அந்தக் கையேடுகளை எழுதுகிறவர்கள் கேட்டதே இல்லை. தமிழில் அந்தப் புத்தகத்தை எழுதும் அறிவு இந்த மாவட்டத்தின் மூத்த செட்டுக்காரர்களிடம் இருக்கிறது, யாரும் உட்கார்ந்து கேட்டு எழுதவில்லை.

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. மாவட்ட நிர்வாகமும் ஒலி, ஒளி அமைப்பாளர்களும் ஐ.டி.ஐ. ஒன்றும் கை கோத்தால், மார்கழியில் ஒரு மாதப் பயிற்சி நடத்த முடியும். முகூர்த்தம் இல்லாத மாதம். பாக்ஸ்கள் குடோனில் சும்மா கிடக்கும். முதல் வாரம் மின்சாரமும் எர்த்தும், எலெக்ட்ரீஷியன் ஆசிரியர் நடத்தட்டும். இரண்டாவது வாரம் ஓம், டெசிபல், தாமதக் கணக்கு. மூன்றாவது வாரம் மூத்த செட்டுக்காரர் ஒருவரும் வில்லுப்பாட்டுக் குழு ஒன்றும் வந்து, மைக்கை மாற்றி மாற்றி வைத்துக் காட்டட்டும். கடைசி வாரம் குற்றாலத்தில், அருவியிலிருந்து ஐம்பது மீட்டரில் ஓர் அறிவிப்பை வாசித்து, எதிரே நிற்பவர்கள் கேட்டதை எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை சொல் சரியாக வந்ததோ அதுதான் மதிப்பெண்.